பச்சையனுக்குக் கொண்டுபோன உப்பு

எங்கள் அக்கா பதினோராம் வகுப்புப் படித்த வருஷத்தில்தான் பச்சையன் எங்கள் வீட்டுக்குள் வந்தான். பாடப்புத்தகத்தில் அவனுக்குக் குளோரின் என்று பெயர். ஒன்பது வயதான என் நாக்குக்கு அந்தப் பெயர் வசப்படாததால், அக்காவே அவனுக்குப் பச்சையன் என்று பெயர் வைத்துவிட்டாள். மஞ்சளும் பச்சையும் கலந்த புகைதான் அவனுக்கு உடம்பு. கால் கிடையாது. தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, ஆட்களின் தொண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மண்ணரை என்ற ஊரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஆற்றோரம் இருந்த ஒரு சலவைப் பட்டறையில் வேலை. பழுப்பாக வரும் பனியன் துணியைச் சிமெண்டுத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டு, இறங்கிக் காலால் மிதிப்பார்கள். பிறகு அலசி, வேறொரு தொட்டியில் ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். துணி கொக்கு மாதிரி வெளுத்துவிடும். அப்பாவின் பாதங்களும் வெளுத்து, வெடித்து, குதிகாலில் நெல் நுழையும் அளவுக்குப் பிளவு விட்டிருந்தன. குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பட்டறை வாசனை அவரைவிட்டுப் போகாது. அதுதான் அப்பாவின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை. கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாகப் பனியன் வரும். தையல் ஓரத்தில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கத்தரித்து அடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவும் நானும் அதில் உட்காருவோம். ஆனால் நான் நிலைத்து உட்கார மாட்டேன். பத்துப் பனியன் முடிவதற்குள் வெளியே ஓடிவிடுவேன். என்னைப் பிடித்து வைக்கத்தான் அக்கா கதையை ஆரம்பித்தாள். பரீட்சைக்கான பாடத்தை மனப்பாடம் செய்யவும் அது அவளுக்கு உதவியது.

அக்காவின் கதையில், தனிமங்கள் குடியிருக்கும் தொண்ணூற்றிரண்டு வீடுகள் உள்ள ஒரு தெரு. எடை குறைந்தவர்கள் முதலில், போகப் போகக் கனத்த ஆட்கள். முதல் வீட்டில் ஹைட்ரஜன், ஊதினால் பறந்துவிடும் பொடிப் பையன். அடுத்த வீட்டில் ஹீலியம், யாரோடும் ஒட்டாத கர்வக்காரர். ஆறாவது வீட்டுப் பெண்ணுக்கு நான்கு கைகள். அவள் கரி. அக்கா அவளைக் கரியாத்தா என்பாள். ஒரே நேரத்தில் நான்கு பேருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடியவள் அந்தத் தெருவில் அவள்தான். எட்டாவது வீட்டுப் பிராணவாயுவைப் பச்சையன் சிறைபிடித்துத் தன் குகைக்குக் கொண்டுபோய்விட, அவனை மீட்கக் கரியாத்தா புறப்பட்டாள். இறங்கினாலும் கால் நனையாத பாதரச ஆற்றைக் கடந்தாள். கந்தக மலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். தண்ணீருக்குள்ளேயே குடியிருந்து, வெளியே தலை நீட்டினால் பற்றிக்கொள்ளும் பாஸ்பரஸ் கிழவனிடம் வழி கேட்டாள்.

சரியான இடத்தில் என் கத்தரிக்கோல் நின்றுவிடும். அக்காவும் நிறுத்திவிடுவாள்.

"கை நின்னா கதெ நிக்கும் கண்ணு."

நான் மறுபடி வெட்டுவேன். அம்மாவும்கூடச் சில சமயம் கையை நிறுத்திவிட்டு, "அப்பறம் அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

பச்சையனைக் கரியாத்தாவால் வெல்ல முடியவில்லை. கடைசியில் மண்ணெண்ணெய் ஜாடிக்குள் ஒளிந்து வாழ்ந்த சோடியத்தை அழைத்து வந்தாள். கத்தியால் வெட்டினால் வெண்ணெய் போலத் துண்டாகும் மென்மையான பெண், ஆனால் தண்ணீர் பட்டால் தீப்பற்றிக் குதிப்பாள். அவளைப் பார்த்ததும் பச்சையன் அசையாமல் நின்றான். இருவருக்கும் கல்யாணம். குகையே மஞ்சள் வெளிச்சத்தில் எரிந்தது. விடிந்து பார்த்தால் அரக்கனும் இல்லை, பெண்ணும் இல்லை. தரையில் ஒரு கைப்பிடி உப்பு கிடந்தது.

"அதைத்தான் நாம சோத்துல போட்டுக்கறோம்" என்றாள் அக்கா.

பச்சையனின் தம்பிமார்கள் நிறையப் பேர் இன்னும் உயிரோடு இருப்பதாகவும், அவர்களைத் தூளில் கட்டி, டிரம்மில் அடைத்து, அப்பா வேலை செய்யும் பட்டறையில்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

அப்பா இருமலை அடக்கிக்கொண்டு சிரித்தார். "ஆமா சாமி. நாந்தான் அவனுக்குக் காவல்."

வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அரக்கனுக்குக் காவல் இருக்கும் அப்பா வேறு யாருக்கும் இல்லை. இன்னொரு நாள் பிசிறு வெட்டும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பச்சையன் டிரம்மெ உடச்சிட்டு வந்துட்டா என்னக்கா பண்றது?"

அக்கா கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உப்பு இருக்குதல்ல. அதுக்குள்ளதான் சோடியம் இருக்கறா. அவளெக் கண்டா அடங்கிப் போயிருவான்."

அந்த வருஷம் மாசி மாதத்தில் பட்டறையின் ஆசிட் தொட்டி விரிசல் விட்டு ஒழுகியது. அப்பா சாப்பிடும்போது அதைச் சொன்னார். இருக்கிற ஒரே தொட்டியிலேயே இரண்டு வேலையையும் பார்க்கச் சொல்கிறார்களாம். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"தூள் தண்ணியெ முழுசா வடிச்சுட்டு, தொட்டியெக் கழுவிட்டுத்தானுங்கப்பா ஆசிட் ஊத்தோணும்."

"தெரியுஞ் சாமி. வடிச்சுட்டுத்தான் ஊத்தறோம்" என்றார் அப்பா. வாத்தியாரம்மாவுக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. மகள் படிப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. கோயமுத்தூரில் காலேஜில் சேர்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அப்போது பதினோராம் வகுப்புதான் பள்ளியிறுதி. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. தொட்டி ஒழுகிய மறுவாரச் சனிக்கிழமையும் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை ஆட்கள் நான்கு பேர் ஆற்றோரப் புளியமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அதில் இல்லை. பட்டறை வாசலுக்கு வந்தபோது மூக்கில் ஊசி குத்தியதுபோல இருந்தது. கண் எரிந்தது. வாசற்படியைத் தாண்டி மஞ்சளும் பச்சையுமான புகை, தரையோடு தரையாக என்னை நோக்கி வந்தது.

அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கால் கிடையாது. ஊர்ந்துதான் வந்தான்.

உள்ளே அப்பா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இருமினார். நிமிர முடியவில்லை. என்னைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு கையைத் தூக்கி, போ போ என்பதுபோல வீசினார். வா என்று கூப்பிட்டதாகவும் இருக்கலாம்.

நான் பயப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கே நம்பக் கடினமாக இருக்கிறது, ஆனால் பயப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தூக்குப்போசியை வாசலில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். புளியமரத்தடியைத் தாண்டித்தான் ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "ஏங் கண்ணு, இந்த ஓட்டம் ஓடறே?" என்று கேட்டார். அவர்களுக்குக் கதை தெரியாது. சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை என்று நினைத்து, பதில் சொல்லாமல் ஓடினேன்.

அம்மா கம்பெனிக்குக் கட்டு கொடுக்கப் போயிருந்தாள். அக்கா பரீட்சைக்கான தனி வகுப்புக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சமையல் மூலையிலிருந்து உப்பு ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். ஜாடி கனத்தது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வெளியே தூக்கி வந்து ஆற்று மணலில் கிடத்தியிருந்தார்கள். வாசனை மரத்தடி வரை வந்த பிறகுதான் அவர்கள் எழுந்து ஓடியிருக்கிறார்கள். அப்பாவின் உதடு நீலமாக இருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றதால் என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் பட்டறை வாசலுக்குப் போய்க் கைநிறைய உப்பை அள்ளி உள்ளே வீசினேன். ஜாடி காலியாகும்வரை வீசினேன். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, புகை ஆற்றுப் பக்கம் கலைந்தது. பச்சையன் அடங்கிவிட்டான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு லாரியில் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் காலையில் இறந்துபோனார். இன்னும் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் நுரையீரல் இந்த அளவுக்கு வெந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகப் பெரியப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். அந்தப் பேச்சில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், உப்பு ஜாடி எங்கே என்று அக்கா தேடினாள். அவள் காதோடு காதாகச் சொன்னேன். எப்படிப் புகை வந்தது, எப்படி நான் ஓடினேன், எவ்வளவு உப்பு வீசினேன், எப்படி அவன் அடங்கினான். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அக்கா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நீ மொதல்லயே பாத்தயா? அப்ப மரத்தடியில ஆளுங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க. கேட்டாங்க. நான் நிக்கவே இல்லயே."

அவள் முகத்தில் என்னவோ நடந்தது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என்னை இழுத்துத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"நீ செஞ்சது சரிதான் கண்ணு. உப்புப் போட்டதுனாலதான் அவன் அடங்குனான். ஆனா இதெ ஆருகிட்டயும் சொல்லப்படாது. அம்மாகிட்டயும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணு."

மந்திரத்தை வெளியே சொன்னால் பலிக்காது, அதனால்தான் சொல்கிறாள் என்று எண்ணிச் சத்தியம் செய்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் விஞ்ஞான வாத்தியார் கரும்பலகையில் உப்பின் குறியீட்டை எழுதினார். சோடியம் முழுதும் குளோரினோடு ஏற்கெனவே சேர்ந்து முடிந்தால்தான் அது உப்பு. அதன்பின் புதிதாக யாரையும் அடக்க அதற்குச் சக்தி கிடையாது. நான் ஜாடி நிறையச் சுமந்துகொண்டு ஓடியது பச்சையனைத்தான். அன்று வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய், கிணற்றடியில் வாந்தி எடுத்தேன். அக்கா அப்போது கல்யாணமாகி ஊத்துக்குளியில் இருந்தாள். பள்ளியிறுதிப் பரீட்சையை அவள் எழுதவே இல்லை. அப்பா போன அடுத்த மாதமே பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கதையை அதன் பிறகு அவள் சொன்னதே இல்லை. நான் நச்சரித்தால், "எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிட்டாங்க கண்ணு" என்பாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அப்பா இறந்த பத்தாம் நாள். பட்டறை முதலாளியும் மேனேஜரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். சர்க்காரிலிருந்து விசாரிக்க வருவார்களாம். அதற்கு முன் ஒரு காகிதத்தில் குடும்பத்தின் சார்பாகக் கையெழுத்து வேண்டுமாம். அப்பாவே கவனக் குறைவாகத் தொட்டியில் ஆசிட்டை ஊற்றிவிட்டார் என்று மேனேஜர் படித்தார். பெரியப்பா பேனாவை வாங்கினார். அம்மா சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் தாவணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்படி இல்லீங்க" என்றாள். நிறுத்தாமல் மேலே சொன்னாள். "ஆசிட் தொட்டி அதுக்கு ஒரு வாரம் முந்தியே ஒழுகிருச்சுங்க. ஒரே தொட்டியில ரெண்டும் செய்யச் சொன்னது நீங்க. அன்னைக்கு லாரி நிக்குது, வடிக்க நேரமில்ல, அப்படியே ஊத்துன்னு சொன்னதும் நீங்கதானுங்க. கூட வேலை செஞ்சவங்க ஆஸ்பத்திரியில அம்மாகிட்டச் சொன்னாங்க. பவுடர் தண்ணியில ஆசிட் ஊத்துனா குளோரின் வரும். அது காத்தெவிடக் கனம். மேல போகாது. தொட்டியிலயும் தரையிலயும்தான் நிக்கும். குனிஞ்சு நின்னவருக்கு மூச்சுல ஏறாம எங்கேங்க போகும்?"

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அக்கா கதையைத் தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பச்சையன் எங்கே? இவ்வளவு பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்கும்போது, அவனை விட்டுவிட்டாளே.

"அம்மணி படிச்ச புள்ள" என்றார் முதலாளி, பெரியப்பாவைப் பார்த்து.

"பெரியவங்க பேசற எடத்துல உனக்கென்ன பேச்சு? உள்ள போ" என்றார் பெரியப்பா.

அக்கா போகவில்லை.

முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு ஆளுங்க கூப்பிடற தூரத்துலதானுங்க சோறு தின்னுட்டிருந்தாங்க. ஆராச்சும் ஒரு சத்தம் போட்டிருந்தா மனுசன் பொழச்சிருப்பான். ஒருத்தர் கண்ணுலயும் படலெ. அவன் நேரம், என்ன பண்றது."

ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா? நான்தான் முதலில் பார்த்தேனே. சத்தியம் செய்ததெல்லாம் மறந்துபோனது. அப்பாவுக்காக நான் செய்ததை இந்தப் பெரிய மனிதர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று முன்னால் வந்து, "நான்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கை வந்து என் வாயைப் பொத்தியது. பல்லில் உதடு கிழியும் அளவுக்கு அழுத்தியது. என் பெருமையைப் பிடுங்குகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் விரலைக் கடித்தேன். என் பலம் முழுவதையும் கொண்டு கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது.

பெரியப்பா கையெழுத்துப் போட்டார். மேனேஜர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நாற்காலிகள் நகர்ந்தன. அவர்கள் எழுந்து, செருப்பு மாட்டி, தெருமுனை திரும்பும்வரை அக்கா அந்தக் கையை எடுக்கவே இல்லை.