மலைக்காரன் ஏறிய கிழமை

பனியை நான் கண்ணால் கண்டதில்லை. கல்முனை பஸாரில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வீடு சாய்ந்தமருதில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். குளிர் என்றால் நுவரெலியாவில் ஒரு தடவை பல் கிடுகிடுக்கப் படுத்துக் கிடந்ததுதான் நினைவு. ஆனாலும் சில வருடங்களாக டிசம்பர் பிறந்துவிட்டால் என் மனம் பாகிஸ்தானின் வடக்கே, காராகோரம் மலைகளில் போய் நின்றுவிடும். கோடையிலேயே ஆள் சாகிற மலைகளில் பனிக்காலத்தில் ஏறப் போகிறவர்களை நான் இணையத்தில் பின்தொடர்கிறேன்.

கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் இது. ஏறுபவர்களிடம் ஒரு சிறு கருவி இருக்கும். அது செய்மதிக்குச் சைகை அனுப்ப, வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். அவர்களுக்கும் எங்களுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். நான் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து கைபேசியைத் திறந்தால், அங்கே இருட்டுக்குள் புள்ளி மேலே போய்க்கொண்டிருக்கும். அடிவார முகாமிலிருந்து யாராவது நாலு வரி எழுதுவார்கள். மலைச் செய்தித் தளங்கள் அதை நாற்பது வரியாக்கும். அதற்குக் கீழே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வாதாடுவார்கள். கடும் குளிரில் பேட்டரி எப்படிச் செத்துப்போகும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானும் எழுதியிருக்கிறேன்.

நான் சொல்லவருகிற பனிக்காலத்தில் மூன்று பேர் ஏறினார்கள். இருவர் ஐரோப்பியர். மூன்றாமவர் அந்த மலைக்குக் கீழே உள்ள கிராமத்துக்காரர், மற்றவர்களின் மூட்டையைச் சுமந்து சுமந்தே மலையேறக் கற்றவர். முகாமிலிருந்து அவர் போடும் காணொளிகளில் எப்போதும் ரொட்டி சுட்டுக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருப்பார். "பிஸ்மில்லாஹ்" சொல்லிவிட்டுத்தான் பனிச்சப்பாத்தைக் கட்டுவார். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டிலும் அவர் ஒரு ஆளாகிவிட்டார். கடைக்குப் போகிற வழியில், என் அக்காவான ராத்தாவின் வீட்டில் தேத்தண்ணி குடிப்பது என் வழக்கம். அவரே முதலில் கேட்பார்.

"உங்கட மலைக்காரன் இப்ப எங்க நிக்கான் தம்பி?"

ராத்தாவின் கணவர் மீனவர். இயந்திரப் படகில் இன்னும் இரண்டு பேரோடு ஆழ்கடலுக்குப் போய், சில நாள் நின்று வருவார். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்றே கூப்பிடுவார். அவருக்கு என் மலைக்காரனில் அவ்வளவு மதிப்பில்லை.

"கடலுக்குப் போறவன் மீனக் கொண்டு வாறான். இவன் அங்க போய் என்னத்தக் கொண்டு வாறான் மச்சான்?"

"ஒண்டும் இல்ல. போய்ட்டு வாறதுதான்."

"போய்ட்டு வாறது மட்டும்தான் வேலையெண்டா, அது லேசான வேல இல்ல," என்றார்.

அதற்கு அடுத்த நாள் அவர் கடலுக்குப் போனார். தை மாதக் கடல் எங்கள் பக்கம் நம்பக்கூடியதல்ல. ஆனால் அன்று தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது என்று ராத்தா சொன்னார்.

மலையில் அப்போது காற்று குறைவதற்காகக் காத்திருந்தார்கள். உச்சியில் அடிக்கும் காற்றை நிறங்களால் காட்டும் ஒரு வரைபடம் இருக்கிறது. நான் அதைக் கடையில் வேலைக்கு நடுவே திறந்து திறந்து பார்த்தேன். மலைக்கு மேல் இருந்த கருஞ்சிவப்பு மெல்ல விலகிப் பச்சையானது. மூவரும் மூன்றாவது முகாமைவிட்டு மேலே புறப்பட்டதாகச் செய்தி வந்தது. சந்தோசத்தில் சும்மாதான் இரு விரலால் வரைபடத்தைச் சுருக்கினேன். மலைகள் சிறுத்து, இந்தியா முழுதாகத் தெரிந்து, கீழே எங்கள் தீவும் வந்தது. பொத்துவிலுக்குக் கிழக்கே, கடலுக்கு மேல், காற்று ஒரு வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன் நடுவில், மலையிலிருந்து விலகிப் போன அதே கருஞ்சிவப்பு.

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு மச்சானின் இலக்கத்தை அழுத்தினேன். தொடர்புகொள்ள முடியவில்லை. படகு முதலாளிக்கு எடுத்தேன்.

"ஓம், எங்களுக்கும் இப்பதான் அறிவிச்ச. மத்தப் படகெல்லாம் திரும்புது. உங்கட மச்சானும் வயர்லெஸ்ஸில கதைச்சவர், வாறன் எண்டவர்," என்றார். குரலில் தெம்பில்லை.

மறுநாள் விடிந்தபோது கடல் கரைவீதி வரை ஏறியிருந்தது. மற்றப் படகுகள் வந்துவிட்டன. மச்சானின் படகு வரவில்லை. பள்ளிவாசலிலிருந்து நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். கை தன்பாட்டில் கைபேசியைத் திறந்தது. மலையில் இரண்டு புள்ளிகள் கீழே முகாமுக்கு வந்திருந்தன. மூன்றாவது, மலைக்காரனுடைய புள்ளி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்க அது நகரவேயில்லை.

ராத்தா கவனித்துவிட்டார். "என்னவாம் அவனுக்கு?"

"ஒண்டும் இரிக்காது ராத்தா. குளிருக்குப் பேட்டரி செத்திரிக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவர்ட படகுக்கும் பேட்டரி செத்திரிக்கும் எண்டுதான் சொல்லப் போறீங்களா?"

நான் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அன்று பின்னேரம் உள்ளூர்ச் செய்திப் பக்கமொன்று மச்சானின் படத்தைப் போட்டுவிட்டது. யாருடைய கலியாணத்திலோ எடுத்த படம், புதுச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். 'மீனவர்கள் மாயம்' என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது. கீழே ஆட்கள் குவிந்தார்கள். துஆச் செய்தவர்களும் இருந்தார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம், எரிபொருள் எத்தனை நாளுக்கு வரும், ஆள் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் நல்ல அறிவாளி. அவர் எழுதியதில் பிழையே இல்லை. மலைப் பக்கங்களில் நான் எழுதுகிற அதே தோரணை. ஒருவர், மரணச் செய்தி கேட்டால் சொல்லும் 'இன்னா லில்லாஹி'யைப் போட்டிருந்தார். ராத்தாவின் மகள் அதைப் படித்துவிட்டு அலறினாள்.

"ஆரு மௌத்தெண்டு சொன்ன? ஆரு கண்ட?" என்று ராத்தா கத்தினார். யாஸீன் ஓத வந்திருந்த பெண்களில் ஒருத்தி ஆறுதல் சொல்லப்போய், புருசன் மௌத்தான பெண் வீட்டுக்குள் இத்தா இருப்பதைப் பற்றி வாய்தவறிக் கதைத்துவிட்டாள். ராத்தா எழுந்து வாசலைக் காட்டினார். அவர் யாரையும் அப்படி வெளியே போகச் சொன்னதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு வந்த நாட்களில் இரண்டு இடத்திலிருந்தும் ஒரே மாதிரியான செய்திதான் வந்தது. ஹெலிகொப்டர் போனது, மேகம் மறைத்தது, திரும்பியது. கடற்படை தேடுகிறது, கடல் கொந்தளிக்கிறது. மலைச் செய்தித் தளம் தேடுதலை நிறுத்திவிட்டதாக அறிவித்த அன்று, என் மனைவி கைபேசியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். நான் தடுக்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் படகு முதலாளி ஓடி வந்தார். தெற்கே, அம்பாந்தோட்டைக்கும் அப்பால், இயந்திரம் நின்று மிதந்த படகைச் சிங்கள மீனவர்கள் கண்டு கட்டியிழுத்து வருகிறார்கள். ராத்தா அப்படியே தரையில் விழுந்து சுஜூது செய்தார். முதலாளி அவர் எழும்பும்வரை நின்றுவிட்டு, என் காதோடு சொன்னார்.

"ரெண்டு பேர்தான் இரிக்காங்க."

மச்சான் உயிரோடு வந்தார். அவரோடு போன மருதமுனைக்காரர் ஒருவர் வரவில்லை.

உதடெல்லாம் வெடித்து, கண் குழிவிழுந்து கிடந்த மச்சான் பல நாள் யாரோடும் கதைக்கவில்லை. ஒரு பின்னேரம், நான் தனியே பக்கத்தில் இருந்தபோது, தானாகவே தொடங்கினார்.

"மூண்டு பேரும் ஒரே கயித்தில இடுப்பக் கட்டிக்கிட்டுத்தான் கிடந்தம் மச்சான். படகுட விசிறியில வல சுத்தி இயந்திரம் நிண்டுட்டு. அத வெட்டுறதுக்கு அவன் கயித்தக் கழட்டினான். நான் கயித்தப் புடிக்கச் சொல்லி ஏசினன். 'கயிறு எட்டாது காக்கா' எண்டான். பொறகு திரும்பிப் பார்த்தா ஆளில்ல. கூப்பிட்ட சத்தமும் இல்ல."

நான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் கேட்டார்:

"அந்த மலைக்காரன் வந்துட்டானா?"

"இல்ல மச்சான். தேடுறத நிப்பாட்டிட்டாங்க."

"மையித்து?"

"மேலதான் கிடக்கும். அந்தக் குளிருக்குப் பழுதாகாதாம். வருசக் கணக்கில அப்பிடியே இரிக்குமாம்."

"அப்ப தேடினா எடுக்கலாம்," என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மருதமுனையில் காணாமல்போனவரின் மனைவிக்கு இத்தா இரு என்று சொல்வதா, காத்திரு என்று சொல்வதா என்று பெரியவர்கள் கூடிக் கூடிக் கதைத்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நோன்பு முடிந்ததும் மச்சான் மறுபடி கடலுக்குப் போனார். ராத்தா தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. மீன் நன்றாகப் படுகிறது, வீட்டில் பழையபடி சிரிப்பும் கேட்கிறது. நானும் டிசம்பர் வந்தால் மலைப் பக்கங்களைத் திறக்கிறேன். கருத்து மட்டும் எழுதுவதில்லை.

போன மாதம், அவரோடு தப்பி வந்த மற்றவர் கைபேசி திருத்த என் கடைக்கு வந்தார். இனி மச்சானின் படகில் தான் போவதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன்.

"உங்கட மச்சான் ஒவ்வொரு தரமும் அவன் காணாமப்போன இடத்துக்குப் போனதும் இயந்திரத்த நிப்பாட்டுறாரு. அங்க வல போடவும் விடுறாரில்ல. இடுப்பில கயித்தக் கட்டிக்கிட்டு, விளிம்பில குந்தி, தண்ணிக்குள்ளயே பார்த்துக்கிட்டு இரிக்காரு. ஒவ்வொரு தரமும் முந்தினத விடக் கூட நேரம் இரிக்காரு."

சொல்லிவிட்டு, இதை ராத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் இன்னும் சொல்லவில்லை. மச்சான் நேற்று கடலுக்குப் போயிருக்கிறார்.