சம்பந்திக்கும் அதே இருமல்

சுர்ர்ர்... 

அப்பா தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் ஓரத்துத் துளையில் உதட்டை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். உள்ளே இருக்கும் நூல் முனை வாய்க்கு வந்துவிடும். நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் தீர்ந்து புதுத் தார் போடும்போதெல்லாம் இப்படித்தான். ராசிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். நூலோடு பஞ்சுத் தூசும் உள்ளே போகும்... அதை யார் கண்டார்கள்!

நாற்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வருஷம் கேட்டால் சண்டைக்கு வருவேன். எனக்குப் பத்து வயசு.

அக்காவுக்குக் குமாரபாளையத்தில் சம்பந்தம் பேசியிருந்தோம். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்து, ஒரு மாசமாகியும் விடவில்லை. சயரோகம், அதுதான் இப்போது சொல்கிற டி.பி., என்று தெருவில் கிசுகிசு கிளம்பிவிட்டது. அந்தப் பேர் வந்துவிட்டால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பாவே நேரில் வந்துவிட்டார். அவரும் தறிக்காரர்தான்.

"ஏனுங்க, என்னென்னமோ சொல்றாங்க. டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு அப்பறம் நாள் குறிச்சுக்கலாமுங்க. நானே கூட வாரேன்."

பேச்சு என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. அக்கா அடுப்பங்கரையில் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு கோபம்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பு மாட்டிய பஸ்ஸில் சேலம் போனோம். அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். அந்தப் பஸ் விட்ட புகைக்கு யாராக இருந்தாலும் இருமல் வந்திருக்கும்...

டாக்டர் குழலை அப்பா நெஞ்சில் வைத்து, "மூச்ச நல்லா இழுங்க" என்றார்.

அப்பா உதட்டைக் குவித்து... சுர்ர்ர்! அத்தோடு நிறுத்திவிட்டார்.

"அப்படி இல்லைங்க, நல்லா இழுங்க."

மறுபடியும் சுர்ர்ர்!

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தியைப் பார்த்து, "எப்படி இழுக்கறதுன்னு நீங்க காட்டுங்க" என்றார். அவரும் ரொம்ப அக்கறையாக உதட்டைக் குவித்து, சுர்ர்ர்! அந்த வேகத்தில் அவருக்கே இருமல் வந்து, நிற்கவே இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

என்ன தொழில் என்று கேட்டதும் டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. குழலைச் சம்பந்தி நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விசில்தான். நெஞ்சுக்குள்ள திராட்சைக் கொத்து மாதிரி குட்டிக் குட்டிக் காத்துப் பைங்க இருக்கு. அதைச் சுத்தி ரத்தம் ஓடுது. நல்ல காத்தை அங்கதான் ரத்தம் வாங்கிக்கும், கெட்ட காத்தை அங்கதான் விடும். அங்க போற குழாயெல்லாம் பஞ்சுத் தூசு பட்டு வீங்கியிருக்கு. ஆனாலும் சயம் இல்லைன்னு சளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ரெண்டு பேரும் துப்பிட்டுப் போங்க."

சம்பந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானுமுங்களா?"

"ஒருத்தர் நாடாவுல இன்னொருத்தர் வாய் வெச்சா சயம் தொத்தும். நீங்களும்தான்."

முடிவு தெரிய மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் ஊருக்குப் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கினார், எங்கள் செம்பில்தான் தண்ணீர் குடித்தார். அப்பாவும் அவரும் மாறி மாறி இருமிக்கொண்டு, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

இருவருக்கும் கிருமி இல்லை! கம்பியில் சின்னக் கொக்கி செய்து அதைக்கொண்டு நூலை எடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். சீர்த் தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு டஜன் கம்பிக் கொக்கி போனது. சம்பந்தி கேட்டு வாங்கியது.

போன மாதம் என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு வீசிங் உண்டு. பேச்சு நடுவில் ஹேண்ட்பேக்கிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எல்லோர் முன்னாலும் இரண்டு பஃப் இழுத்தாள். நான் சட்டென்று பையன் வீட்டார் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பையனோ ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்... மகள் கல்யாணம் நிற்கக் கூடாதே என்று, வந்த இருமலையெல்லாம் என் அப்பா எத்தனை நாள் விழுங்கியிருப்பார்!