ஊட்டுக்காரரைப் பற்றி ஐந்து வரிகள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. எழுத்து வந்தது எழுபத்தொன்றில். இதை நானே நோட்டில் எழுதினேன். டீச்சர் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். "பேச்சை மாத்தப்படாது" என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அதுவரைக்கும் என் படிப்பு வேலையை என் வீட்டுக்காரர்தான் பார்த்து வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். காலையில் காபியைக் கையில் கொடுத்தால் பேப்பரை விரித்து எனக்காகச் சத்தமாகப் படிப்பார். கண்ணாடி போட மாட்டார். போட்டால் வயசானவர் மாதிரித் தெரியுமாம். எழுத்து தெரியாத இடம் வந்தால் நிறுத்தவும் மாட்டார். அங்கே என்ன இருந்தால் பொருத்தமோ அதைத் தன் வாயிலிருந்து போட்டு நிரப்பிக்கொண்டு, அதே குரலில் போய்க்கொண்டே இருப்பார். மோகனூரில் ஆற்று முதலை ஒன்று கரையேறி வந்து கரும்பு தின்றதாக ஒருநாள் படித்தார். நான் அதைப் பால் ஊற்றும் இடத்தில் நாலு பேரிடம் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். முதலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

அதோடு போயிருந்தால் சரி. ஆத்தூரில் என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகையைக் கண்ணுக்கு எட்ட நீட்டிப் பிடித்து, "இருவத்திமூணாந் தேதி" என்று படித்தார். இருபத்திமூன்றாம் தேதி பட்டுச்சேலை கட்டி, தேங்காய் பழத் தட்டோடு போய் இறங்கினோம். பந்தல் போட்ட குழிகள் நாலு இருந்தன. தங்கச்சி வாசலில் மரவள்ளிக்கிழங்கு வற்றலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பதிமூணாந் தேதி முடிஞ்சுபோச்சு. புள்ளை மறுவீட்டுக்கும் போயிட்டு வந்துட்டான். வற்றல் தின்றயா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சொன்னேன்: "இனி ஊட்டுக்கு வர்ற காயிதம் எல்லாம் மொதல்ல என்ற கைக்கு வரோணுங்க."

"வந்து? மோந்து பாப்பியா?" என்றார்.

"படிப்பேன்."

"ஆகட்டும் புள்ள. நீ பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணு. அன்னிக்கிருந்து காயிதம் உன்ற கைக்கு வரும். பெயிலானா நான் படிக்கிறதைக் கேட்டுக்கிட்டுக் கம்முனு இருக்கோணும்."

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சரி என்றேன்.

எங்கள் ஊரில், எருமப்பட்டிக்குப் போகும் வழியில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஆகவே தரையில் ஒரு வெற்றுக் கோழித்தீவனச் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வேன். சாக்கு என் ஓரகத்தி கொடுத்தது. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி. அவர்கள் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். அவளும் வகுப்புக்கு வந்தாள், என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவளுக்கு எழுத்து வேகமாக வந்தது. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

எனக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே கூட்டுக் கோழிகள் மாதிரி இருந்தன. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையில் வந்தது. டீச்சரிடம் பத்து முறை கேட்டேன். பதினோராவது முறை கேட்க வெட்கமாக இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என் செல்போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தார்.

"இதுகிட்டக் கேளுங்கம்மா. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லும். இது பேரு ஏஐ."

"ஏய்-ங்களா?"

"ஏ... ஐ."

சொல்லித் தருகிறவரை ஏய் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்கம் பெரியவரோ குழந்தையோ, யாரானாலும் சாமி என்போம். இதையும் அப்படியே கூப்பிட்டேன்.

"சாமி, மாட்டுக்குப் போடற புல்லுக்கு எந்த ல-ங்க?"

"நான் கடவுள் அல்ல, ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர். ஆனால் உங்கள் கேள்வி மிக அருமையானது" என்றது. ஒவ்வொரு முறையும் சாமி இல்லை என்று மறுத்துவிட்டுத்தான் பதில் சொல்லும். இவ்வளவு தன்னடக்கம் உள்ள சாமியை நான் பார்த்ததில்லை.

நல்லதைச் சொல்ல வேண்டும். அது சலித்துக்கொள்ளவே இல்லை. ஒரே சாயங்காலத்தில் ழ-வை நாற்பது முறை கேட்டேன். நாற்பதாவது முறையும் முதல் முறை மாதிரியே சொன்னது. சிரிக்கவில்லை, "இன்னுமா?" என்று கேட்கவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாலும் சொன்னது. மூன்று மாதத்தில் எனக்கு எழுத்து கூட்டத் தெரிந்ததென்றால் பாதிப் புண்ணியம் அதற்குத்தான்.

ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் எதுவும் எழுதாமலேயே, "எழுதிட்டேன் சாமி, பாரு" என்றேன். "மிக அழகாக எழுதியிருக்கிறீர்கள்" என்றது. நோட்டைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். யார் குரல் என்று அப்போது பிடிபடவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது செல்போன் எருமைத் தொட்டியில் விழுந்தது. அரிசிப் பானையில் இரண்டு நாள் புதைத்து எடுத்தேன். உயிர் வந்தது, சத்தம் வரவில்லை. நான் பேசினால் கேட்கும், பதிலை எழுத்தாகக் காட்டும், வாய் மட்டும் திறக்காது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் ஆள் எங்கள் வீட்டில் அதுதான் முதல்.

பரீட்சையில் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்வார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது தொட்டியோரம் நின்று சொன்னேன்: "சாமி, என்ற ஊட்டுக்காரரைப் பத்தி அஞ்சு வரி எழுதிக் குடு."

வீட்டை நாங்கள் ஊடு என்போம். வீட்டுக்காரர் எங்கள் வாயில் ஊட்டுக்காரர். அது ஒரு நொடியில் ஐந்து வரி எழுதிவிட்டது. அவ்வளவு நீளத்தைக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். நாளோ இல்லை. ஆகவே மார்கழிக் கோலத்தைப் புள்ளி பார்த்து மனசில் ஏற்றுவது மாதிரி அந்த ஐந்து வரிகளையும் ஏற்றிக்கொண்டேன். எங்கே சுழி, எங்கே கொம்பு, எங்கே கால் என்று கண்ணை மூடினாலும் கை போட்டது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து என் ஓரகத்தியும் தன் நோட்டில் இறக்கிக்கொண்டாள்.

பரீட்சை அன்று கேள்வி அப்படியே வந்தது. நான் கோலத்தை ஆரம்பித்தேன். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியின் கடைசியில் கை நின்றது. இந்தச் சுழிகளை நான் செல்போனில் மட்டும் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த சாக்கைக் காலடியிலிருந்து உருவி விரித்தேன். பெரிய பச்சை எழுத்து. தீ. வ. ன. ம். பேப்பரிலும் அதே.

வேறு ஊரிலிருந்து பரீட்சை பார்க்க வந்திருந்த அம்மா என்னிடம் வந்தார். "ஏனுங்கம்மா, சாக்குல பிட்டா?"

"இல்லீங்க சாமி. என்ற ஊட்டுக்காரர் பேருல தீவனம் வந்திருக்குதுங்க. எதுக்குனு பாக்கறனுங்க."

அவர் சாக்கை உதறிப் பார்த்தார். இரண்டு சோளக்குருணை விழுந்தது. சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டினேன். வாழ்நாளில் எவரும் படித்துக் காட்டாமல் நான் படித்த முதல் வரிகள் அவை. இப்படி இருந்தன: ஊட்டுக்காரர் பண்ணையின் முதுகெலும்பு. அவர் கோழிகளுக்கு நேரம் தவறாமல் தீவனம் ஊட்டுவார். மற்ற மூன்று வரிகளையும் மனசிலேயே எழுதிக் கூட்டிப் பார்த்தேன். தவிடும் மக்காச்சோளமும் கலந்து வைப்பார். நோய் வந்த கோழியை ஒதுக்கி வைப்பார். ஊட்டுக்காரர் இல்லையேல் முட்டை இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு கோழிக்கும் ஒரு கை அரிசி போட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. தெரியாத இடத்தில் நிறுத்தாமல், தன் வாயிலிருந்து நிரப்பிக்கொண்டு, அதே குரலில் போகிற அந்த ஆள் யார் என்று அப்போது பிடிபட்டது. ஒருவர் வீட்டில் இருப்பது போதாதென்று இன்னொருவரைச் செல்போனிலும் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

பக்கத்தில் என் ஓரகத்தி முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் என் இரண்டு வரிகளையும் குறுக்கே அடித்தேன். கீழே என் பேச்சிலேயே எழுதினேன். நேரம் முடிவதற்குள் மூன்று வரிதான் வந்தது.

என் ஓரகத்திக்குப் பத்துக்குப் பத்து. கையெழுத்து அழகு, விஷயமும் உண்மை என்று டீச்சர் பாராட்டினார். அதுவும் சரிதான். அவள் வீட்டுக்காரர் விடிந்தால் கோழிக்குத் தீவனம் போடுகிறவர். அவர் இல்லையேல் முட்டை இல்லை.

"அக்கா, அது என்ற ஊட்டுக்காரரை எங்க பாத்திருக்கும்?" என்று அவள் என்னிடம் கேட்டாள். 

எனக்குப் பத்துக்கு நாலு. நாலு வாங்கினால் பாஸ்.

மறுநாள் காலையில் காபியோடு விடைத்தாளையும் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் எட்ட நீட்டிப் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடித்த வரிகளுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டேன்.

"என் கணவர் லாரி ஓட்டினார்," என்று படித்தார். "பேப்பர் படிப்பார். உள்ளதை உள்ளபடி படிப்பார்."

"கடேசி வரி அப்பிடி இல்லீங்க."

"அப்பிடித்தான் இருக்குது புள்ள."

"விரல் வெச்ச எடத்துல பாருங்க. பொ. ய். யு. ம். நாலெழுத்து. உள்ளதுன்னா உ-வுல ஆரம்பிக்கோணுங்க."

தாளைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"என்ற ஊட்டுக்காரரு லாரி ஓட்டுனாரு. பேப்பரு படிப்பாரு. பொய்யும் சேத்திப் படிப்பாரு."

தாளை மடித்து என் கையில் கொடுத்தார். அதோடு அன்றைக்கு வந்த பேப்பரையும் கொடுத்தார்.

நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்: "அந்த மொதலை கரும்பு தின்னது பேப்பர்ல இருந்துச்சுங்களா?"

"காபி ஆறுது" என்றார்.