ஆடியில் பிரித்தவன் கையெழுத்து

மாடி வீடுகள் பதினேழு, இரண்டு கல்யாண மண்டபங்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர், பத்துக் கடைகள் கொண்ட ஒரு வரிசைக் கட்டடம், பிறகு ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. இவ்வளவும் நான் கட்டியவை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கி, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பெயர்ப்பலகை வைத்த காண்ட்ராக்டராக ஆனவன் நான். கண்மாய்க் கரையோரக் களிமண்ணில் வீடு நிற்காது என்று ஒரு இன்ஜினியர் சொன்னார். நான் கட்டினேன். வீடு அங்கேயே நிற்கிறது. இன்ஜினியர்தான் மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்தப் பதினேழில் பதினொன்று வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்தவை. துபாய்க்காரர் வீடு, சிங்கப்பூர்க்காரர் வீடு என்றுதான் ஊரில் அடையாளம் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிய கையோடு வெளிநாடே எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் கடல் கடந்து போவது பஸ் மாறிப் போவது போலத்தான் என்று பேசியும் திரிந்தேன். சொந்த மகளை அனுப்பவேண்டி வந்தபோதுதான், பாறையில் அஸ்திவாரம் தோண்டுவது எவ்வளவு சுலபமான வேலை என்று தெரிந்தது.

மகள் இப்போது அங்கே சுகமாக இருக்கிறாள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது. எந்த நாடு என்று மட்டும் எழுத மாட்டேன். "பேரு கீரு எழுதிப்புடாதீங்கப்பா, நாளைக்கு இன்னொரு விசா பாரம் போடணும்" என்று போனில் எச்சரித்திருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு மணமேல்குடிப் பக்கம். அந்தக் குளிர்தேசத்தில் நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கி வேலை பார்க்கிறவர். ஒரு மாத லீவில் வந்தார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். நான் கட்டிய மண்டபத்திலேயே, எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். கல்யாணத்தைப் பதிவும் செய்தாயிற்று. ஒன்பதாம் நாள் ஆடி பிறந்தது.

ஆடி முதல் நாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து போட்டு, புதுத்துணி கொடுத்து, மாப்பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டுப் பெண்ணை அந்த மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது கணக்கு. வேன் எடுத்துக்கொண்டு அழைக்கப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"சம்மந்தி, பய இன்னும் பதினாறு நாள்ல கெளம்பிருவான். இந்த ஒரு ஆடிய கண்டுக்காம விட்டா என்ன?"

"நாலு பேரு கேப்பாங்க சம்மந்தி. சித்திரையில பிள்ளை பொறந்தா நீங்களா வந்து விசிறப் போறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஜெயித்தது நான்தான். விருந்தில் மாப்பிள்ளை இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

"மாப்ள, இன்னுங் கொஞ்சம் பாயாசம் போடச் சொல்லவா?"

"வேணாம் மாமா. நீங்க செஞ்சதே நெஞ்சு வரைக்கும் இருக்கு."

அது குத்தல் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினாறு நாள் கழித்து திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பினோம். இருவரும் ஒரு கஜம் தள்ளியே நின்றார்கள். கை கூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. என் வளர்ப்பு என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். 

பிறகு மகளுக்கு, அவருடைய மனைவி என்ற முறையில், விசாவுக்கு மனுப்போடும் வேலை தொடங்கியது. போலீஸ் சான்று வேண்டும். சென்னைக்குப் போய் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். தமிழில் இருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் மொழிபெயர்த்து முத்திரை வாங்க வேண்டும். பத்து வருடமாக எந்தெந்த முகவரியில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தாய் என்று கேட்டிருந்தார்கள். மகள் பொய் எழுதத் தெரியாதவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது நாள் மாமனார் வீடு, பிறகு அப்பா வீடு என்று நாள் கணக்கோடு எழுதினாள். கல்யாண ஆல்பத்தில் இருந்து படங்கள் சேர்த்தாள்.

நடுவில் ஒரு புரோக்கர் என் சைட்டுக்கே வந்தான். "அண்ணே, எதுக்கு இவ்ளோ பேப்பரு? விசிட்டிங் விசாவுல ஏத்தி விட்டுருவோம். எறங்கிட்டா அப்பறம் எவன் தொரத்தப் போறான்?"

"தொரத்துற எடத்துக்கு எம்மகள நான் ஏம்ப்பா அனுப்பணும்? அந்தச் சாரத்துக்கு அங்கிட்டு ஒதுங்கி நில்லு, செங்கல் விழுந்துறப் போகுது" என்று அனுப்பிவிட்டேன். நேர்வழியில் போகிறவளுக்குத்தான் இத்தனை கேள்வி என்பது அன்றைக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழி மாறவில்லை.

ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. மகள் காலையில் எழுந்ததும் செல்போனில் மெயில் பார்ப்பாள், முகம் சுண்டும், பல் விளக்கப் போவாள். எட்டாம் மாதம் மெயில் வந்தது. விசா அல்ல. மகள் நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். திருமணத்துக்குப் பின் ஒன்பது நாள்தான் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். கணவர் அதே மாவட்டத்தில் இருந்தும் பதினாறு நாள் தனித்தனி முகவரி. படங்கள் எல்லாம் கூட்டத்தோடு எடுத்தவை. ஆகவே இந்தக் கல்யாணம் குடியேறுவதற்காகவே செய்யப்பட்டதோ என்று சந்தேகம் இருக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டால் மனு நிராகரிக்கப்படும்.

"எண்ணூறு எலை போட்ட கல்யாணம்டா!" என்று அங்கே இல்லாத ஆபீசரைப் பார்த்துக் கத்தினேன்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, ஆடிக்கு வேன் எடுத்துக்கிட்டுப் போனது யாரு?"

 அந்தக் கேள்வியைவிட மோசமான ஒன்று என் மனதுக்குள் புகுந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பதினாறு நாளில் ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்க்காதவருக்கு என் மகள் மேல் பிரியம் இருக்கிறதா? ஆபீசர் கேட்பது நியாயம்தானோ? தப்பான இடத்தில் கொடுத்துவிட்டேனோ?

திருச்சியில் விசா மனுக்களைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் மூவரும் போனோம். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "ஆடி வழக்கத்த விளக்கி எழுதிரலாம் சார். நீங்க ஒரு உறுதிமொழிப் பத்திரம் குடுங்க. ஆனா அது மட்டும் போதாது. அந்தப் பதினாறு நாளும் இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தேடுனாங்கன்னு காட்டணும். அப்ப எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்காம்மா?"

மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "இல்ல மேடம்" என்றாள்.

திரும்பும்போது விராலிமலையில் காரை நிறுத்தி டீ குடித்தோம். மனைவிதான் தொடங்கினாள்.

"ஒரு விசயம் சொல்லணும். கத்தக் கூடாது."

"நான் எப்ப கத்துனேன்?"

"இந்தா, கத்துறீங்கள்ல."

மகள் செல்போனை என் முன்னால் நீட்டினாள். "போட்டோ இருக்குப்பா."

தள்ளித் தள்ளிப் பார்த்தேன். விராலிமலைப் படிக்கட்டில் இருவரும். மணமேல்குடிக் கடற்கரையில் இருவரும், மகள் தலையில் மாப்பிள்ளையின் தொப்பி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரே கரும்புச்சாற்று கிளாசோடு இருவரும். பதினாறு நாளில் பதினொரு நாள் சந்தித்திருக்கிறார்கள்.

"டெய்லர் கடைக்குப் போறேன்னு தானே ஆத்தா சொன்ன?"

"போனேம்ப்பா. ஜாக்கெட்ட குடுத்துட்டுத்தான் போனேன்."

"பதினோரு நாளும் ஒரே ஜாக்கெட்டா?"

மனைவி டீயைத் துப்பிச் சிரித்துவிட்டாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாந்தான் கொண்டுபோயி விட்டேன். என்னையும் சேத்துத் திட்டுங்க."

அடுத்த படம்தான் என்னை உட்கார வைத்தது. ஒரு பேக்கரி வாசலில் இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார்கள். பின்னால் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு கட்டடம். சாரத்தின் மேல் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கையை ஓங்கிக் கத்துகிறான். தலையில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. நான்தான். மேல்தளம் கான்கிரீட் போட்ட அன்று.

"நீங்க மட்டும் திரும்பியிருந்தா அன்னைக்கே நாங்க செத்தோம்" என்றாள் மகள்.

கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது நெஞ்சுவரை வருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. படத்தில் மாப்பிள்ளையின் சட்டை முழுக்க வியர்வை. ஹெல்மெட் அழுத்திய தலைமுடி. மணமேல்குடியிலிருந்து ஆடிக் காற்றில் மணல் அடிக்க அடிக்க பைக்கில் வந்திருக்கிறார், ஒரு தடவை அல்ல, பதினொரு தடவை. எட்டிப் பார்க்காதவர் என்று நான் நினைத்த மனிதர்! பல நாளாக மனதில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. இன்னொரு டீ சொன்னேன்.

மறுநாள் புதுக்கோட்டையில் நோட்டரி வக்கீலிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். வழக்கப்படி என் மகளையும் மருமகனையும் பிரித்து வைத்தது நான். அவர்கள் இருவரும் என் அனுமதி இல்லாமலும், எனக்குத் தெரியாமலும் பதினொரு நாள் சந்தித்தார்கள். வக்கீல் பேனாவை நிறுத்தினார்.

"அண்ணே, 'எனக்குத் தெரியாமல்'னு போடணுமா? ஊருல பெரிய மனுசன் நீங்க. ஏமாந்த மாரி இருக்கே."

"ஏமாந்ததுதாங்க உண்மை. போடுங்க."

"இந்தப் படத்துல இருக்கது நீங்கதான்னு எழுதச் சொல்றீங்க. மூஞ்சியே தெரியலையே?"

எழுந்து, துண்டைத் தலையில் கட்டி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று கையை ஓங்கினேன். அறையில் இருந்த டைப் அடிக்கிற பெண்ணிலிருந்து பத்திரம் எழுத வந்தவர்கள் வரை சிரித்தார்கள். "அண்ணேதான், சந்தேகமே இல்ல" என்றார் வக்கீல். நான் எந்த மனிதரின் முன்னாலும் தலை குனிந்தவன் அல்ல. அன்றைக்குக் குனிந்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

படங்கள், பத்திரம், திருச்சி அம்மா எழுதிய விளக்கம் எல்லாம் கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தன. ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் மகள் பல் விளக்கப் போகவில்லை. செல்போனை வைத்துக்கொண்டு அடுப்படியில் அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கெட்ட செய்தி என்று பதறி ஓடினேன். விசா வந்திருந்தது.

அவள் அங்கே போய் இறங்கிய அன்று மாப்பிள்ளை போன் செய்தார். "உள்ள விட்டுட்டாங்க மாமா. நாலே நிமிசம். இந்தா, பக்கத்துலதான் நிக்கிறா." அவ்வளவுதான் பேசினார். பின்னால் மகள் குளிருகிறது என்று சிரிப்பது கேட்டது. மத்தியானம் படுத்தவன் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தேன். ஒன்றரை வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இப்போது நடப்பதைக் கேளுங்கள். மாப்பிள்ளை வீடியோ காலில் சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும், "என் செல்பிதான் விசா வாங்கிக் குடுத்துச்சு" என்கிறார். மனைவி, தான் பஸ் ஏற்றி விட்டதால்தான் என்கிறாள். திருச்சி அம்மா, தன்னிடம் வந்து ஜெயித்த மனு என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாராம். என்னைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான் கேட்கிறேன். ஆடியில் அவர்கள் ஒரே வீட்டில் இருந்திருந்தால் யார் படம் எடுத்திருப்பார்கள்? கைலி கட்டி டிவி பார்க்கிற புருஷனை எந்தப் பெண் படம் பிடிக்கிறாள்? நான் பிரித்ததால்தான் தேடினார்கள், தேடியதால்தான் படம். அந்தப் படத்துக்கு சாட்சியாக, ஏமாந்தவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதைச் செய்ய இந்த ஊரில் வேறு எந்த மாமனார் வருவார்?

மாப்பிள்ளை, நீங்களும் இதைப் படிப்பீர்கள். இனி யாரிடம் இந்த விசா கதையைச் சொன்னாலும், பிரித்து வைத்தது மாமா, கையெழுத்துப் போட்டதும் மாமா என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் செல்பிக்கு அதற்குப் பிறகு வாருங்கள்.