பதினெட்டாம் இருக்கையில் இரண்டு பேர்

அந்தத் தாளில் மட்டன் றோல்ஸ் எண்ணெய் மணத்தது. பஸ் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, போட்டோகொப்பி எடுத்த தாள். ஞாயிறு பூசை முடிந்து, தேநீருக்கும் றோல்ஸுக்கும் இடையில் கைமாறிக் கைமாறி, மூலையில் ஓர் எண்ணெய் வட்டத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் மாதா கோயில் யாத்திரைக்கு இரண்டு தாள்கள் சுற்றும். ஒன்று தெற்கு லண்டன் நோர்பரியில், மற்றது கிழக்கே குட்மேய்ஸில். அவரவர் விரும்பிய இருக்கையில் பெயர் எழுதுவார்கள். பஸ் ஒன்றுதான். நாற்பத்தொன்பது இருக்கை. இரண்டு தாளையும் ஒன்றாக்க ஒருவரும் முன்வரமாட்டார்கள்.

அந்த வருடம் நானே கை தூக்கினேன். பக்தியால் இல்லை...

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அலுவலகத்தில் ஒரு பழைய சி புரோகிராம். அதற்குள் ஒரு பிட்மேப். வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். இடம் நிரம்பியிருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். இரண்டு பிட்மேப்பை ஒன்றாக்கும் மெர்ஜ் அதில் இல்லை. அதை எழுதுவதுதான் எனக்குத் தந்த முதல் வேலை.

ஆங்கில OR, அந்த 'ஓர்' போட்டால் முடிந்தது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒன்று இருந்தால், விடையிலும் ஒன்று. ஒரு லூப், அதற்குள் ஒரே வரி. இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். சோதித்துப் பார்க்க நிஜமான தரவு வேண்டுமே... கோயில் தாள்களை எடுத்து, பெயர் எழுதிய இருக்கைக்கு ஒன்று என்று மாற்றி உள்ளே கொடுத்தேன்.

நிரம்பியது நாற்பத்தெட்டு என்று வந்தது. ஓர் இருக்கை மிச்சம்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாத்திரைப் பொறுப்பாளர் யேசுதாசன் அண்ணைக்கு உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, ஒரு சீற் கிடக்கு."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம் அண்ணை, கொம்பியூட்டர் சொல்லுது."

பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பிள்ளை இடம் கேட்டுக் காத்திருந்தாள். அண்ணை அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

அம்மா அப்போது மன்னாரில் இருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். லண்டனில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை ஒருக்கா மாதாவிட்டக் கூட்டிக்கொண்டு போ. நீயும் பக்கத்தில இரு." முப்பதும் முப்பத்தொன்றும் எங்கள் இருக்கைகள்.

சனிக்கிழமை காலை, குட்மேய்ஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் நோர்பரிக்கு வந்தது. நானும் அம்மாவும் ஏறி இருந்துவிட்டோம். பின்னால் பிலோமினா அக்கா ஏறினார். கெயார் ஹோமில் யார் யாரையோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தவர். போய்ப் பதினெட்டின் முன்னால் நின்றார். அதில் ஏற்கெனவே குட்மேய்ஸ்காரர் ஒருவர் இருந்தார்.

யேசுதாசன் அண்ணை இரண்டு தாளையும் விரித்தார். இரண்டிலும் பதினெட்டில் பெயர் இருந்தது. இரண்டும் சரி. மாறி இருக்க வேறு இடமும் இல்லை. மிச்சம் கிடந்த ஒன்றைத்தான் நான் கொடுக்க வைத்துவிட்டேனே.

"தம்பி, உம்மட கொம்பியூட்டர் இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

நான் எழும்பி இறங்கினேன்.

"நீ வரேல்லையோ?" என்றார் அம்மா.

"இல்லையம்மா, நீங்கள் போட்டு வாங்கோ."

"அம்மாவை நான் பாக்கிறன், நீர் யோசியாதையும்" என்று சொல்லிக்கொண்டு பிலோமினா அக்கா என் இடத்தில் இருந்தார். பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன். அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்.

வீட்டுக்குப் போனதும் அதே இரண்டு பிட்மேப்புக்கும் AND, அதாவது 'ஆண்ட்' போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்று இருந்தால் மட்டுமே விடையில் ஒன்று வரும். நாற்பத்தொன்பது பெட்டியில் ஒரே ஒரு ஒன்று... பதினெட்டில்.

ஒன்றுக்கும் ஒன்றுக்கும் 'ஓர்' போட்டாலும் விடை ஒன்றுதான். அங்கே இருவர் இருந்தார்கள் என்பதை விடை மறந்துவிடுகிறது. நோர்பரி இருபத்தாறு, குட்மேய்ஸ் இருபத்துமூன்று. கைவிரலால் கூட்டியிருந்தாலே பிடிபட்டிருக்கும். ஆனாலும் அந்த இரண்டாவது ஆள் எந்த இடத்தில் காணாமல் போனார் என்று, அந்த ஒரு வரியையே மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, பக்கத்து மேசைத் திருச்சிக்காரன் செந்திலிடம் சொன்னேன். "டெஸ்ட் கேஸ் எழுதச் சொன்னா பஸ்ஸையே கொண்டாந்திருக்க" என்று சிரித்தான். பிறகு, "அம்மா தனியாவா போனாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். இருவருமாக மெர்ஜை மாற்றினோம். சேர்க்கும்போதே எத்தனை இடம் மோதியது என்ற எண்ணிக்கையையும் அது திருப்பித் தரும்.

இப்போது கோயிலில் தாள் இல்லை. போனில் ஒருவர் தொட்ட இருக்கை மற்றவருக்குச் சாம்பல் நிறமாகிவிடும். றோல்ஸ் மட்டும் அப்படியே. மெர்ஜையும் நான் எழுதுவதில்லை, கேட்டால் ஏஐ எழுதித் தருகிறது. போன வாரம் தந்ததும் அதே ஒரு வரி 'ஓர்'தான். மோதல் எண்ணிக்கையை நான் கையால் சேர்த்தேன்.

அம்மா ஆறு மாதத்தில் மன்னாருக்குத் திரும்பினார். பிறகு வரவில்லை. இனி வரவும் மாட்டார்... அந்த யாத்திரையைப் பிலோமினா அக்கா சொல்லித்தான் நான் அறிவேன். அம்மா மழைக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாராம். என் பெயருக்கு வந்த சோற்றுப் பார்சலை ஒருவருக்கும் கொடுக்காமல், திரும்பி வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாராம்.

அன்று பின்னேரம் அதை என் கையில் தந்தபோது, "மிஞ்சினது, சாப்பிடு" என்றுதான் சொன்னார்.