தங்கப்பனுக்குப் போட்ட அரிசி

போன வருடம் மண்டைக்காடு கோயிலுக்குப் போய்விட்டுக் கருங்கல் வழியாகத் திரும்பியபோது, ஆட்டோக்காரர் ராஜன் அயனிவிளை முக்கில் ஒரு நினைவுக்கல்லைக் காட்டினார். "வேற ஊருல ராணுவக்காரனுக்கு மால போடுவாவ. நாங்க அரிசி போடுவோம்" என்றார். அதைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த வருடம் நினைவு நாள் அன்றே போய் இறங்கிவிட்டேன்.

நாகர்கோவிலில் காலை 6.20க்குப் பேருந்து. கருங்கல் சேர 7.30 ஆனது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். சாரல் நிற்கவே இல்லை. ஆடி மாதத்தில் குடையில்லாமல் கிளம்பிய என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

அந்தக் கல் தங்கப்பனுடையது. ராஜன் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். "ரப்பர் பால் வெட்டிட்டு நடந்தவன். ரெண்டு தடவ ஓட்டத்துல தோத்து மூணாவது தடவதான் பட்டாளத்துல எடுத்தாவ. லீவுல வந்தா வீட்டுல இருக்க மாட்டான், ஊர்க் கெணத்துல எறங்கி தூர் வாருவான்" என்றார். அந்தத் தங்கப்பன் கார்கில் போரில் இறந்தார். உடல் மூடிய பெட்டியில் வந்தது. திறக்க வேண்டாம் என்று பெட்டியோடு வந்த ராணுவத்தினர் சொல்லிவிட்டார்கள். இறந்தவர் வாயில் சொந்தக்காரர்கள் கடைசியாக இடும் வாய்க்கரிசியை ஒருவராலும் போட முடியவில்லை. அந்தக் குறை பொறுக்காமல்தான் ஊரே ஆண்டுதோறும் கல்லின் காலடியில் அரிசி போடுகிறது.

எட்டரைக்குத் தொடங்கினார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. நூறு பேராவது இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சிட்டிகை அரிசி. ஒரு சாதாரண மனிதனுக்காக இத்தனை பேர் மழையில் நனைந்து நிற்பதைப் பார்த்து மலைத்துப்போனேன். நானும் போட்டேன். தங்கப்பனின் மனைவி சரோஜா மட்டும் போடவில்லை. எல்லாரும் போடும்வரை ஓரமாக நின்றிருந்தார்.

கணவர் இறந்ததை அவர் இன்னும் ஏற்கவில்லையோ என்று நினைத்தேன். சும்மா இருந்திருக்கலாம். "நீங்க போடலியாக்கா?" என்று கேட்டுவிட்டேன். ராஜன் என்னை முறைத்தார்.

சரோஜா கோபப்படவில்லை. "நான் போட்டாச்சு தம்பி. கடைசி லீவு முடிஞ்சு போவும்ப ஒரு டின் நெறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் செஞ்சு குடுத்துவிட்டேன். மறு வருசம் இவிய கூட பட்டாளத்துல இருந்த கூட்டுக்காரர் ஒருத்தர் வந்தாவ. மல ஏறப்போற அன்னைக்குக் காலைல டின்னுல ரெண்டெண்ணம்தான் மிச்சமாம். ஒண்ண அவருக்குக் குடுத்துட்டு, ஒண்ண இவிய தின்னிருக்காவ. பொறவு ஒண்ணும் திங்கல்லியாம். பயற உருட்டி அரிசி மாவுல முக்கித்தானே பொரிக்கோம்? அந்த மாவு நான் இடிச்சது."

கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

போக நினைப்பவர்கள் அந்த 6.20 பேருந்தைத் தவறவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். படம் எடுக்க வேண்டாம். அரிசியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சரோஜா தள்ளி நிற்பதைப் பார்த்து என்னைப் போல் கேட்டுவைக்காதீர்கள். நாமெல்லாம் கல்லில்தான் போடுகிறோம். அவருடைய அரிசி மட்டும்தான் தங்கப்பனின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.