பாட்டே போடாமல் ஹெட்போன் வாங்கியவர்

மூன்றாம் வகுப்போடு நின்றாலும் டோல்கேட்டில் சொந்தமாக ஹெட்போன் கடை போட்டவன் நான். ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன். அன்று வந்த ஒடிசலான மனிதர் ஒவ்வொரு ஹெட்போனாக மாட்டிக்கொண்டு, சாலையில் ஓடும் டேங்கர் லாரிகளையே பார்த்தார்.

"பாட்டு போடட்டுமா?"

"இன்னாத்துக்கு நைனா? லாரி சத்தம் அடங்குதானு பாக்குறேன். பட்டறைல தகடு அடிக்கிற வேலை. மிச்சம் கீற காதையாவது காப்பாத்திக்கணும்."

நான் நம்பவில்லை. காதை முழுதாக மூடும் மெத்தை வைத்த ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் என் பக்கம் திரும்பியதும், "திருட்டு மூஞ்சி" என்று முணுமுணுத்தேன்.

"திருடன் இல்ல நைனா," என்று சிரித்தார். "சத்தம் கேக்கல, உதட்டப் பாத்தேன். மிஷினாண்ட நாங்க அப்டிதான் பேசிப்போம். இத்தயே குடு, காதும் வலிக்கல."

வாங்கிக்கொண்டு போய்விட்டார். காதில் விழுந்ததா, உதட்டைத்தான் படித்தாரா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். ஆனாலும் அதன்பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முணுமுணுக்கிறேன்.